அந்தக் கையெழுத்தை வீட்டில் இருக்கும்போதே கேளுங்கள்

கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். ஓ.எஸ். என்ற கடைநிலை டெக் மாலுமியாக ஏறி, ஏ.பி. என்ற தேர்ந்த மாலுமி ஆகி, இப்போது டெக் ஆட்களுக்குத் தலைவரான போசனாக இருக்கிறேன். கடலில் 19 வருடம் ஆகிறது. பிள்ளைகளின் படிப்பு, தங்கச்சி கல்யாணம், வீட்டு மாடி எல்லாம் கப்பல் சம்பளத்தில் வந்தவைதான். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. போர் நடக்கும் கடலுக்குள் போகச் சம்மதமா என்ற கையெழுத்தை, ஆள் வீட்டில் இருக்கும்போதே கேளுங்கள். கப்பலில் ஏற்றிவிட்டுக் கேட்காதீர்கள்.

2024 ஏப்ரலில் ஒரு ஆயில் டேங்கரில் ஏறினேன். ஜாயின் பண்ண வேண்டிய இடம் எகிப்தின் போர்ட் சையது. ஓட்டம் எப்படி என்று ஆபீசில் கேட்டேன். மத்தியதரைக்கடல் ஓட்டம்தான், யான்பு வரைக்கும் வந்து லோடு எடுத்துத் திரும்பிவிடும் என்றார்கள். யான்பு, செங்கடலின் வடபாதியில் இருக்கும் சவுதித் துறைமுகம். யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களை அடித்துக்கொண்டிருந்த இடம் அங்கிருந்து வெகு தெற்கே. போனில் மேப்பைத் திறந்து, விரலால் தொட்டுக் காட்டித்தான் என் மனைவியைச் சமாதானப்படுத்தினேன். அவள் பருப்புப் பொடியையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் கட்டிவைத்துக்கொண்டே, "இங்கேருந்து திரும்பிடும்தானே?" என்று மறுபடி மறுபடி கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்கும் அதுதான் சொல்லப்பட்டிருந்தது.

மெடிக்கல், மஞ்சள் காய்ச்சல் ஊசி, சி.டி.சி. (மாலுமியின் பணிப் பதிவேடு) தேதி, பாய்லர் சூட் அளவு, ஷூ அளவு என எல்லாவற்றையும் உங்கள் ஆட்கள் பொறுமையாகச் சரிபார்த்தார்கள். எந்தக் கடல் என்பது மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. சென்னை, துபாய், கெய்ரோ, அங்கிருந்து ராத்திரி வேன், விடியற்காலையில் லாஞ்ச். ஏணியில் ஏறி டெக்கில் பெட்டியை வைத்தபோது வழக்கமான ஓட்டம் என்ற நினைப்பில்தான் இருந்தேன்.

யான்புவில் லோடு முடியும் ராத்திரி மெஸ் ரூமுக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். ஆர்டர் மாறிவிட்டது, தெற்கே போகிறோம், செங்கடலின் தென்வாசலான பாப் எல் மண்டெப் ஜலசந்தியைத் தாண்டி இந்தியாவுக்கு என்றார் கேப்டன். அந்தப் பெயருக்கு அரபியில் கண்ணீர் வாசல் என்று அர்த்தம். மேஜைமேல் ஆங்கிலத்தில் ஒரு தாள், 22 பெயர்கள், பக்கத்தில் ஒரு பேனா. சமையல்காரர் முதலில் போட்டார். கன்னியாகுமரி மாவட்டத்துப் பையன் ஒருவன், முதல் காண்ட்ராக்ட், என் காதருகே வந்து, "அண்ணே, போடாட்டி என்ன ஆகும்?" என்றான். காலையில் கப்பல் புறப்படும். இறங்க வேண்டுமென்றால் சவுதி விசா வேண்டும், ஏஜெண்ட் வேண்டும், அவன் இடத்துக்கு ஆள் வேண்டும். இறங்கியவனை அடுத்த தடவை கூப்பிடுவார்களா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. என்னால் அவனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அவன் போட்டான். நானும் போட்டேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

கேப்டன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவருக்கும் அன்று மாலைதான் தெரியும். அந்தக் கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை, இது ஒரு கம்பெனியின் பழக்கம் மட்டும் இல்லை.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை (எம்.எல்.சி. 2006) இந்தியா 2015-இல் ஏற்றது. போர்ப் பகுதிக்குப் போகும் கப்பலில் சம்மதிக்காத மாலுமி ஊர் திரும்பலாம் என்று அதன் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. யூனியன்களும் முதலாளிகளும் சேர்ந்த ஐ.பி.எஃப். ஒப்பந்தம் உள்ள கப்பல் என்றால் இன்னும் தெளிவு. போர்ப் பகுதி என்று அறிவித்த இடத்துக்குப் போக மறுக்கலாம், கம்பெனி செலவில் ஊர் திரும்பலாம், இரண்டு மாத அடிப்படைச் சம்பளமும் உண்டு. போகிறவருக்கு அங்கே இருக்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான போனஸ், சாவுக்கும் ஊனத்துக்கும் இரட்டிப்பு இழப்பீடு. இவ்வளவும் எனக்கு ஊர் திரும்பி, யூனியன்காரர் ஒருவரோடு உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது. எங்கள் கப்பலில் அந்த ஒப்பந்தம் இருந்ததா இல்லையா என்பதுகூட அன்று ராத்திரி மெஸ் ரூமில் யாருக்கும் தெரியாது.

யான்புவிலிருந்து அந்த ஜலசந்திக்கு இரண்டரை நாள் ஓட்டம். அந்த இரண்டரை நாளில்தான் நாங்கள் தயாரானோம். ரேசர் வயர் கட்டினோம், ஃபயர் ஹோஸ்களை இழுத்து வைத்தோம், பழைய பாய்லர் சூட்டுக்குள் துணியை அடைத்துப் பொம்மைக் காவலாளி செய்து ரெயிலிங்கில் நிறுத்தினோம். எல்லாம் சோமாலியக் கொள்ளையர்களுக்காகப் படித்த பாடம். கொள்ளையர் ஏறினால் கீழே எஞ்சின் பக்கம் போய்ப் பூட்டிக்கொள்ளவேண்டும். ஏவுகணைக்கும் வெடிபடகுக்கும் அது தலைகீழ். தண்ணீர் மட்டத்துக்கு மேலே, கப்பலின் நடுப்பகுதியில், சுவர்கள் சூழ்ந்த படிக்கட்டில் இருப்பதுதான் பாதுகாப்பு. இதை செகண்ட் ஆபீசர் ஒரு சுற்றறிக்கையைப் படித்துச் சொன்ன பிறகுதான் மெத்தைகளை இழுத்துவந்து படிக்கட்டுத் தளத்தில் போட்டோம். இரண்டு மாதம் கழித்து, ஜூன் 12 அன்று, டியூட்டர் என்ற கப்பலின் பின்பக்கத்தில் ஆளில்லாப் படகு மோதி எஞ்சின் ரூமுக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்த பிலிப்பைன்ஸ்காரர் திரும்பி வரவில்லை. அதைப் படித்தபோது எஞ்சின் ரூமில் வேலை செய்யும் எங்கள் மோட்டார்மேன் முகம்தான் நினைவுக்கு வந்தது. அபாயப் பகுதியில் எஞ்சின் ரூமில் ஆள் இல்லாமல் ஓட்டக்கூடிய கப்பலை அப்படித்தான் ஓட்ட வேண்டும். இதற்கு ஒரு நாள் பயிற்சி ஊரிலேயே கொடுத்தால் என்ன?

ஜலசந்தியை ராத்திரியில் கடந்தோம். ஜன்னல்களுக்கெல்லாம் அட்டை ஒட்டியிருந்தது. நான் பிரிட்ஜில் லுக்அவுட். கப்பல்கள் பேசிக்கொள்ளும் வி.ஹெச்.எஃப். ரேடியோவின் சேனல் 16-இல் ஒரு குரல், யேமன் கடற்படை பேசுகிறோம் என்று சொல்லி, ஏதோ ஒரு கப்பலின் பெயரைக் கூப்பிட்டுத் திரும்பச் சொன்னது. எங்கள் பெயர் இல்லை. கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். யாரும் பேசவில்லை.

கப்பல் இருக்கும் இடத்தை வெளியே காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியை அணைத்துவிட்டுத்தான் போனோம். அது பாதுகாப்புக்காக. ஆனால் என் மனைவி, கப்பல்களின் இடத்தைக் காட்டும் மரைன் டிராஃபிக்கைப் போனில் பார்ப்பவள். யான்புவில் திரும்பியிருக்க வேண்டிய கப்பல் தெற்கே போவதையும், அப்புறம் அந்தச் சின்ன அம்புக்குறி மறைந்துபோனதையும் அவள் வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை என்று மாமியார் பிறகு சொன்னார். அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. ஆனால் பொய்யாகிப்போனது.

நீங்கள் சொல்லக்கூடியது எனக்குத் தெரியும். கப்பலை வாடகைக்கு எடுத்த சார்ட்டரர் எப்போது ஆர்டர் மாற்றுவார் என்று எங்களுக்கே தெரியாது என்பீர்கள். சரி. ஆனால் மாறக்கூடும் என்பது தெரியும்தானே? அதை எழுதிக் கொடுங்கள். ஜாயினிங் லெட்டரோடு, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, தமிழில் ஒரு பக்கம் போதும். இந்தக் கப்பல் போர்ப் பகுதிக்குள் போக வாய்ப்பு உண்டா, போனால் போனஸ் எவ்வளவு, இழப்பீடு எவ்வளவு, பணம் யார் கைக்குப் போகும், மறுத்தால் என்ன ஆகும். மறுத்தவரின் பெயர் எந்தக் கறுப்புப் பட்டியலிலும் ஏறாது என்ற ஒரு வரி, ஆள் அனுப்ப உங்களுக்குள்ள உரிமமான ஆர்.பி.எஸ்.எல். எண்ணோடு. மனைவியோ அம்மாவோ படிக்கும்படி இருக்க வேண்டும். அவர்களும்தான் இந்த ஓட்டத்தில் இருக்கிறார்கள். மத்திய அரசின் கப்பல் துறை இயக்ககமான டிஜி ஷிப்பிங் இதைக் கட்டாயமாக்கினால் நல்லது, அதுவரை நீங்களே செய்யலாம். பிலிப்பைன்ஸ் அரசு தன் மாலுமிகள் செங்கடல் ஓட்டத்தை மறுக்கலாம் என்று 2024-இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

பயந்துகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜனவரியில் ஹூதிகளின் ஏவுகணை பட்டு மார்லின் லுவாண்டா என்ற டேங்கர் தீப்பிடித்தபோது அதில் இருந்தவர்களில் 22 பேர் இந்தியர்கள். எளிதில் தீப்பற்றும் நாஃப்தா எண்ணெய் ஏற்றிய கப்பலில் நின்று தீயோடு போராடினார்கள். நம் ஆட்கள் போகிற இடம் தெரிந்தால் தைரியமாகப் போவார்கள். கேலக்ஸி லீடர் கப்பலின் 25 பேர் 2023 நவம்பரில் ஹூதிகளிடம் பிடிபட்டு 2025 ஜனவரியில்தான் வெளியே வந்தார்கள். அந்த 14 மாதம் அவர்கள் வீட்டில் எப்படிக் கழிந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

அந்த ஒரு பக்கத் தாளை நானே தமிழில் எழுதி இதோடு இணைத்திருக்கிறேன். திருத்திக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் எனக்கு மறுபடி ஜாயினிங். அந்தக் கன்னியாகுமரிப் பையனும் அதே கப்பலுக்குத்தான் வருகிறான். எந்த வழி என்று போன திங்கட்கிழமை ஆபீசுக்கு மெயில் போட்டேன். பெட்டி கட்டுவதற்கு முன்னால் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு போசன்