‘பி53 பாசிட்டிவ்’ என்று எழுதாதீர்கள்: நெல்லைச் சீமை ஆய்வகங்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி மாவட்ட மருத்துவமனைகளின் அறுவை அரங்கு, நோய்க்குறியியல் ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். புற்றுக்கட்டித் திசுவில் பி53 என்ற புரதத்துக்குப் பழுப்புச் சாயம் ஏற்றிப் பார்த்துவிட்டு, பயாப்சி ரிப்போர்ட்டில் ‘பி53 பாசிட்டிவ்’, ‘பி53 நெகட்டிவ்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பதை நிறுத்தும்படி கேட்கவே இந்த மடல். சளிச் சோதனை ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ பார்த்து நிம்மதியடைந்த பழக்கம் இங்கே காலை வாரும்.

செல்லின் டிஎன்ஏ அடிபட்டால் பிரிவதை நிறுத்துவதும், பழுது சரியாகாவிட்டால் செல்லைச் சாகவைப்பதும் பி53 புரதத்தின் வேலை. வேலை இல்லாத நேரத்தில் எம்டிஎம்2 என்ற புரதம் அதை உடனுக்குடன் அழித்துவிடும். அந்த எம்டிஎம்2-ஐ உண்டாக்கச் சொல்வதும் பி53தான். மரபணுவில் ஓர் எழுத்து மாறி பி53 கெட்டுப்போனால், தன்னை அழிப்பதற்கு ஆள் அனுப்பவும் அதற்கு முடியாது, உட்கருவில் குவிந்துவிடும். ஸ்லைடில் கட்டியின் உட்கருக்கள் ஏறக்குறைய எல்லாமே அடர்பழுப்பாகத் தெரிவது இதனால்தான். மரபணு நடுவில் முறிந்திருந்தால் பெரும்பாலும் புரதமே தங்காது. கட்டி முழுக்க வெளுத்திருக்கும். இரண்டுமே பிறழ்வு. நல்ல பி53 உள்ள கட்டியில் அடர்ந்ததும் வெளிறியதும் கலந்து கிடக்கும். உட்கருவை விட்டு சைட்டோபிளாசத்தில் சாயம் ஏறுவதும் பிறழ்வுதான், ஆனால் அரிது.

குவிந்த புரதம் சும்மா கிடப்பதில்லை. பி53 நான்கு நான்காகச் சேர்ந்துதான் வேலை செய்யும். சப்பரம் தூக்கும் நால்வரில் ஒருவர் எதிர்ப்பக்கம் இழுத்தால் என்ன ஆகும்? மிச்சமிருக்கும் நல்ல பி53-ஐயும் கெட்டது அப்படித்தான் முடக்கும். சில பிறழ்வுகள் பி63, பி73 என்ற பங்காளிப் புரதங்களையும் பிடித்துக்கொள்ளும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ‘கரண்டு வைப்பது’ என்று நம் ஊரில் சொல்லும் கதிர்வீச்சும் டிஎன்ஏவை அடித்துத்தான் கட்டியைக் கொல்கின்றன. அடி விழும், சாவதற்கு உத்தரவு போட ஆள் இருக்காது. நல்ல பி53 உள்ள செல்கள் செத்து, கெட்டவை மிஞ்சி, அவற்றிலிருந்தே கட்டி திரும்ப வரலாம்.

இவ்வளவு நுட்பமான சங்கதி அறுவை அரங்கிலேயே கெட்டுவிடும் என்பதுதான் எங்கள் கவலை. வெட்டியெடுத்த திசுவை, அது கெடாமல் காக்கும் ஃபார்மலினில் ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும். மே மாத வெயிலில் அதுவும் அதிகம். ஃபார்மலின் திசுவின் கொள்ளளவைப்போல் பத்து மடங்கு வேண்டும். வெறும் தண்ணீர் கலந்தது நாள்பட்டால் ஃபார்மிக் அமிலமாகி டிஎன்ஏவைத் துண்டாக்கும். அமிலமாகாமல் தடுக்கும் உப்பு சேர்த்த பஃபர் ஃபார்மலினையே கலக்குங்கள்: ஒரு லிட்டருக்கு 100 மில்லி கடைச்சரக்கு ஃபார்மால்டிஹைடு, 900 மில்லி காய்ச்சி வடித்த நீர், 4 கிராம் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், 6.5 கிராம் நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட், செலவு அற்பம். கருப்பையை அறுத்துத் திறக்காமல் முழுசாகப் போட்டால் உள்ளே மருந்து இறங்குவதற்குள் நடு அழுகிவிடும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊறட்டும். தாடை எலும்பை நைட்ரிக் அமிலத்தில் இளக்கினால் மரபணுச் சோதனையை மறந்துவிட வேண்டியதுதான். ஈடிடிஏ கரைசலில் இளக்குவது மெதுவானாலும் பாதுகாப்பு.

சாயம் ஏற்றிய பின் முதலில் கட்டியைப் பார்க்காதீர்கள். பக்கத்து நார்த்திசுவிலும் ரத்தக்குழாய்ச் செல்களிலும் லேசான பழுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கும் வெளுப்பு என்றால் சோதனை தோற்றது; கட்டியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. சாயத்துக்கு முன் திசுவைச் சூடேற்றும் நேரத்தில் மின்சாரம் போனாலும், வெட்டிய ஸ்லைடு மாதக்கணக்கில் கிடந்தாலும் இப்படி நேரும்.

எல்லோருக்கும் இந்தச் சோதனை எழுதித்தரவும் வேண்டாம். பீடியும் புகையிலையும் கொண்டுவரும் வாய்ப்புற்றில் பி53 பிறழ்வு மிகச் சாதாரணம். ஆனால் இன்றைய நிலையில் முடிவு எதுவானாலும் சிகிச்சை மாறாது. நோயாளியின் காசுக்குக் கேடு. கருப்பை உட்சுவர்ப் புற்றில் கட்டாயம் பாருங்கள்: பிறழ்வு இருந்தால் கதிர்வீச்சோடு கீமோவும் சேர்ப்பதில் பலன் உண்டு. நாள்பட்ட லிம்ஃபோசைட் ரத்தப்புற்றில் சாயம் போதாது. 17-ஆம் குரோமோசோமின் குட்டைக் கை (17பி) இழப்பைக் காட்டும் ஃபிஷ் சோதனையும், பி53-ஐ உண்டாக்கும் டிபி53 மரபணுவின் வரிசையும் பார்த்த பிறகே மருந்து தொடங்க வேண்டும். பிறழ்வு இருந்தால் பழைய கீமோ வீண். இப்ரூட்டினிப், வெனிடோகிளாக்ஸ் போன்றவையே வழி. 31 வயதுக்குள் மார்பகப் புற்று வந்த பெண்ணுக்கு ரத்தத்திலும் டிபி53 பார்க்கச் சொல்லுங்கள். பிறவியிலேயே பிறழ்வு இருந்தால் கதிர்வீச்சைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். பிள்ளைகளையும் கவனிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே ரிப்போர்ட்டில் ‘இயல்பு’, ‘பிறழ்வு: மிகை’, ‘பிறழ்வு: முற்றும் இல்லை’, ‘பிறழ்வு: சைட்டோபிளாசம்’, ‘சொல்ல இயலாது’ என்ற ஐந்தில் ஒன்று இருக்கட்டும். திசுவோடு வரும் படிவத்தில் வெட்டிய நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் என இரண்டு கட்டங்கள் அச்சிடுங்கள். நேரம் எழுதாத டப்பாவை ஆய்வகம் திருப்பி அனுப்ப வேண்டாம்; அரங்குக்கு போன் போட்டுக் கேட்டு எழுதிக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
நோய்க்குறியியல், புற்றுநோய் மருத்துவத் துறையினர் சிலர்
பாளையங்கோட்டை