டாப்பெட் சத்தத்துக்குக் கெட்டி ஆயில் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாகனப் பக்கத்தின் கேள்வி பதிலில், ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எஞ்சினில் 'டிக் டிக்' என்று சத்தம் வருவதாக எழுதியிருந்தார். "டாப்பெட் தேய்ந்திருக்கும், கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றுங்கள், அடங்கிவிடும்" என்று இரண்டே வரியில் பதில் வந்திருந்தது. (கேம் ஷாஃப்ட் தள்ளுவதை வால்வுக்குக் கடத்தும் பாகம்தான் டாப்பெட்.) எஞ்சினைப் பிரித்துக் கோர்ப்பதே என் பிழைப்பு. அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அந்த ஆயிலால் சத்தம் அடங்கலாம். சத்தத்துக்கான காரணம் அப்படியே இருக்கும்.

என்ன எஞ்சின் என்று முதலில் கேட்டிருக்க வேண்டாமா? ஆயில் அழுத்தத்தை வைத்து டாப்பெட் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் எஞ்சின் ஒரு வகை. அதில் டிக் சத்தம் தொடர்ந்து கேட்டால் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் அதிக ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கு) போகும் எஞ்சின்கள் பலவற்றில் அந்த வசதியை வைப்பதில்லை. எடை கூடும், உச்ச வேகத்தில் வால்வு சரியாக மூடாமல் போகும் அபாயமும் உண்டு. ஹோண்டா எஸ்2000 காரின் எஃப்20சி எஞ்சின் 9,000 ஆர்பிஎம் வரை போகும். அதில் வால்வு இடைவெளியைக் கையால்தான் செட் செய்ய வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது காற்று உள்ளே வரும் இன்டேக் பக்கம் 0.21 முதல் 0.25 மி.மீ., புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம் 0.25 முதல் 0.29 மி.மீ. அந்த இடைவெளி இருக்கும்வரை உலோகத்தில் உலோகம் தட்டத்தான் செய்யும். அது நோய் இல்லை, அந்த எஞ்சினின் குரல்.

சத்தம் பிடிக்கவில்லை என்று சிலர் இந்த இடைவெளியை இறுக்கிவிடச் சொல்வார்கள். என்னிடமும் கேட்பார்கள், நான் செய்வதில்லை. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் சீட் (வால்வு உட்காரும் வளையம்) வழியாகத்தான் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்குக் கடத்துகிறது. இடைவெளி போய்விட்டால் சூடேறி நீளும் வால்வு முழுதாக உட்காராது. உட்காராத வால்வு ஆறாது. கொஞ்ச நாளில் ஓரம் கருகி, அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் போய்விடும். வருடக்கணக்கில் ஓடிய எஞ்சினில் வால்வு சீட்டுக்குள் தேய்ந்து இறங்கும்போதும் இதேபோல இடைவெளி குறைந்து சத்தம் மெல்ல மறையும். 'வண்டி இப்போ ரொம்ப அமைதியா ஓடுது' என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னால் நான் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜைத் தேடுவேன்.

டாப்பெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத டிக் சத்தங்களும் நிறைய. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீச்சும் எஞ்சின்களில் அழுத்தம் 200 பார் (ஒரு பார் ஏறத்தாழ காற்றின் இயல்பான அழுத்தம்), புதியவற்றில் 350 பார் வரை போகிறது. பழைய முறையில் அது மூன்று நான்கு பார்தான். அவ்வளவு அழுத்தத்தில் இன்ஜெக்டர் திறந்து மூடும்போது தையல் மெஷின்போல் சத்தம் வரும். பானெட்டைத் திறந்தால் பயந்துவிடுவோம், ஆனால் இயல்பானதுதான். பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் விடும் பர்ஜ் வால்வும் டிக் டிக் என்னும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் அது எஞ்சினோடு சேர்ந்து வேகமெடுக்காது. அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

புகைக்குழாயை ஹெட்டோடு சேர்க்கும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டின் கேஸ்கெட் விட்டிருந்தாலோ, அதை இறுக்கும் ஸ்டட் உடைந்திருந்தாலோ வரும் சத்தம் அச்சு அசலாக டாப்பெட் மாதிரியே இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்கும், உலோகம் சூடாகி விரிந்ததும் அடங்கும். ஏற்றத்தில் மிதித்தால் பெரிதாகும். இணைப்பில் கரி படிந்த கோடு தெரிந்தால் விஷயம் முடிந்தது. இதற்கு ஆயில் மாற்றி என்ன பிரயோஜனம்? ஃபோர்ஜ்டு பிஸ்டன் (உலோகத்தை அழுத்தி வடித்த உறுதியான பிஸ்டன்) போட்ட எஞ்சினும் ஆறியிருக்கும்போது தட்டும். அந்தப் பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் கூடுதல் இடம் விட்டே கோர்க்கிறோம்.

இனி தாளம். ஐடிலிங்கில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் 400 சுற்றுதான் சுற்றும். ஆகவே ஒரே ஒரு வால்வு தட்டினால் நொடிக்கு ஏழு தட்டுக்கும் குறைவாகக் கேட்கும். கிராங்க் பக்கத்திலிருந்து வந்தால் ஏறத்தாழ இரு மடங்கு, 13. (இரண்டு மூன்று வால்வு சேர்ந்து தட்டினால் இந்தக் கணக்கு உதவாது.) காதால் எண்ண முடியாது, போனில் பதிவு செய்து மெதுவாக ஓடவிட்டால் தெரியும். இடத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் நல்லது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதோரம் வைத்தும் கேட்கலாம், ஃபேனிலும் பெல்ட்டிலும் பட்டுவிடாமல் பார்த்து.

உண்மையில் பயப்பட வேண்டியது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் சத்தத்துக்கு. அது டிக் இல்லை, அடியிலிருந்து வரும் 'டொக் டொக்'. எஞ்சின் சூடாகி ஆயில் இளகியதும் கூடும். 2,000, 2,500 ஆர்பிஎம்மில் வைத்து ஆக்ஸிலரேட்டரை விடும்போது தெளிவாகக் கேட்கும். கெட்டி ஆயில் தற்காலிகமாக மூடிமறைப்பது இந்தச் சத்தத்தைத்தான். அதனால்தான் உங்கள் பதில் எனக்கு ஆபத்தாகத் தெரிகிறது. பேரிங் போய்க்கொண்டிருக்கும் வண்டி, 'சரியாகிவிட்டது' என்ற நம்பிக்கையோடு நெடுஞ்சாலைக்குப் போகும்.

ஆயில் எவ்வளவு கெட்டி என்பதும் ஆளுக்கு ஆள் முடிவு செய்வதல்ல. பிஎம்டபிள்யூ எம்3 காரின் எஸ்54 எஞ்சின் 10டபிள்யூ-60 கேட்கும் (பின்னால் வரும் எண் கூடினால், சூட்டில் ஆயில் அவ்வளவு கெட்டி). 2018 மஸ்டாங் ஜிடி-யின் ஐந்து லிட்டர் வி8 கேட்பது 5டபிள்யூ-20. இரண்டும் முறுக்கான எஞ்சின்கள்தான். கேம் டைமிங்கை மாற்றும் பாகங்களும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கின்றன. குளிரில் கெட்டி ஆயில் மேலே ஏறவே தாமதமாகும், டாப்பெட் அதுவரை காய்ந்து கிடக்கும்.

அந்த வாசகர் உங்கள் பேச்சைக் கேட்டு ஏற்கெனவே ஆயில் மாற்றியிருக்கலாம். கையேட்டில் உள்ள ஆயிலுக்கே திரும்பச் சொல்லி அடுத்த வாரம் ஒரு வரி வெளியிடுங்கள். ஆயில் அழுத்தத்தைத் தனி கேஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்கள். அப்புறம், கழற்றும் ஆயில் ஃபில்டரை எறியாமல் வெட்டி, மடிப்புகளை விரித்துப் பார்க்கட்டும். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ துகள் மின்னினால் அந்த வண்டியை அதற்குமேல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

இப்படிக்கு,
எஞ்சின் வேலை பார்க்கும் ஒரு வாசகர்