லிங்கன் குடும்பத்தின் கவுண்டிப் பதிவுகள்: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எடுத்த தீர்மானத்தின்படி, இவ்வாண்டு நம் சங்கம் பல குடும்பங்களைத் தொட்டுத் தொட்டு விடாமல், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து முதல் தலைமுறைக் குடியேறிகளில் ஒருவரின் குடும்பத்தை மட்டும், மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவான கவுண்டியின் ஏடுகள் வழியாக அடியொற்றித் தேடியது. அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன். குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கனுக்கு அவர் தந்தை வழித் தாத்தா. பேரன் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே இறந்துவிட்டவர். நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் இந்த மண்ணுக்கு உரியவர்கள் அல்லர். ஆயினும் நாம் குடியிருக்கும் ஜெஃபர்சன் கவுண்டியின் மிகப் பழைய ஏடுகளைப் படிக்கப் பழகுவதற்கு இவருடைய குடும்பத்தைவிடப் பொருத்தமான குடும்பம் இல்லை என்று செயற்குழு கருதியது. வரலாற்றாசிரியர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக அலசிய தாள்கள் என்பதால், நாம் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தாலும் அதைச் சரிபார்த்துக்கொள்ள வழி இருந்தது.

முதல் இரண்டு கூட்டங்கள் தாளைத் தொடாமலே கழிந்தன. எந்தக் கவுண்டியின் ஏட்டில் தேடுவது என்று தெரியாமல் ஏட்டைப் புரட்டிப் பயனில்லை என்பதால், கவுண்டிகளின் வம்சாவளியை முதலில் வரைந்தோம். 1776இல் கென்டக்கி முழுவதும் வர்ஜீனியாவின் ஒரே கவுண்டியாக இருந்தது. 1780இல் அது ஜெஃபர்சன், லிங்கன், ஃபயட் என மூன்றாகப் பிரிந்தது. ஜெஃபர்சனிலிருந்து 1785இல் நெல்சனும், நெல்சனிலிருந்து 1792இல் வாஷிங்டனும், அடுத்த ஆண்டு ஹார்டினும், ஹார்டினிலிருந்து 1843இல் லாரூவும் பிறந்தன. இன்று 120 கவுண்டிகள் உள்ளன. குடியேறி ஒரே வீட்டில் அசையாமல் இருந்திருப்பார். அவர் தலைக்கு மேல் கவுண்டி மட்டும் மாறியிருக்கும். கவுண்டி பிரிந்தபோது பழைய ஏடுகள் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடுவதே வழக்கம். எந்தக் கவுண்டி என்று அறியாமல் தேடியதால் நேர்ந்த பெரும் குழப்பம் ஒன்றைப் பின்னர் குறிப்பிடுகிறேன்.

அடுத்த கூட்டங்களில் நில அளவைப் பதிவை எடுத்துக்கொண்டோம். வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியில் லின்வில் ஓடைக் கரையில் நிலம் வைத்திருந்த இந்தத் தாத்தா, 1780 மார்ச்சில் 160 பவுண்டு கட்டி, 400 ஏக்கருக்கான கருவூல நில வாரண்டு ஒன்றை வாங்கினார். வாரண்டு என்பது நிலம் அன்று. நிலத்தைத் தேடிக்கொள்ளும் உரிமைச் சீட்டு மட்டுமே. சீட்டை எடுத்துக்கொண்டு மலையைக் கடந்து வந்து, ஆளில்லாத இடம் என்று தோன்றியதைக் குறித்து, அளந்து, பதிவு செய்து, பட்டயம் வாங்கும் வரை உரிமை அந்தரத்தில்தான் நிற்கும். அவர் தேர்ந்தெடுத்தது நம் கவுண்டியின் கிழக்கே, ஃபிளாய்ட்ஸ் ஃபோர்க்கின் கிளையான லாங் ரன் ஓடைக்கரை.

பெயரகரவரிசையில் லிங்கன் என்ற பெயரின் கீழ் பல நாள் தேடியும் இப்பதிவு நமக்குக் கிடைக்கவில்லை. எழுத்தர் காதால் கேட்டபடி ‘லிங்க்ஹார்ன்’ என்று எழுதியிருந்ததே காரணம். அந்த ஏடுகளில் ஒரே குடும்பம் பல எழுத்துக்கூட்டல்களில் வாழ்கிறது; ஒலியை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத் தேட வேண்டும் என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்ன பிறகே வழி திறந்தது.

1785 மே மாதம் எழுதப்பட்ட அந்த அளவைக் குறிப்பு, நம் ஊர்ப் பத்திரங்களின் சக்குபந்தியைப் படித்துப் பழகியவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. ஓடையின் கிளையொன்றின் முகத்துவாரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மைல் மேலே தொடங்கி, எந்த மரத்திலிருந்து எந்தத் திசையில் எத்தனை கோல் என்று சொல்லிக்கொண்டே போய், புறப்பட்ட மரத்துக்கே திரும்பி வந்து சேர்கிறது. எல்லைக்கல் கிடையாது; எல்லை மரங்கள்தாம். குறிப்பின் அடியில் அளவைச் சங்கிலி பிடித்தவர்களாக அனனையா லிங்கன், ஜொசாயா லிங்கன் என்ற இரு பெயர்கள் உள்ளன. மரத்தில் கோடரியால் குறி வெட்டியவர் என்ற இடத்தில் இருப்பது நிலத்துக்குரிய ஆபிரகாமின் பெயர். ஒரு மனிதர் தன் நிலத்தின் எல்லையைத் தன் கையாலேயே வெட்டிக் குறித்தார் என்பதை அந்தத் தாளில் கண்டபோது, கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

அந்த ஒரு வரி மற்றொரு கணக்கையும் தீர்த்து வைத்தது. 1859 டிசம்பரில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் பேரன் லிங்கன், தாத்தா 1781 அல்லது 1782 வாக்கில் கென்டக்கிக்கு வந்ததாகவும், ஓரிரு ஆண்டுகளில், காட்டைத் திருத்திக்கொண்டிருந்தபோது பூர்வகுடிகளால் மறைந்திருந்து கொல்லப்பட்டதாகவும் எழுதினார். 1854இல் உறவினர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தாத்தா இறந்த கதையும், அப்போது பதினான்கு வயதான பெரியப்பா மோர்டெகாய் தாக்கியவர்களில் ஒருவரைச் சுட்ட கதையும்தான் மற்றெல்லாக் கதைகளையும்விடத் தம் நினைவில் ஆழப் பதிந்திருப்பதாகச் சொன்னார். அத்தனை ஆழப் பதிந்த கதையிலும் ஆண்டு பிசகிவிட்டது. இறந்ததாகப் பேரன் நம்பிய காலத்துக்குப் பிறகும், 1785 மே மாதம், தாத்தா கோடரியுடன் லாங் ரன் கரையில் நிற்கிறார். அவர் கொல்லப்பட்டது 1786இல் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு.

ஓரிரு ஆண்டு முன்பின்னாக இருந்தால் என்ன என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார், நல்ல கேள்வி. மூத்த மகனுக்கே நிலம் என்ற பழைய வாரிசு முறையை வர்ஜீனியா 1785இல் சட்டம் இயற்றி நீக்கியது. ஆனால் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரி 1 அன்று. கென்டக்கி அப்போதும் வர்ஜீனியாவின் பகுதியே. தாத்தா உயில் எழுதாமல் அதற்கு முன்பே இறந்ததால், நிலம் மூத்தவர் மோர்டெகாய்க்குப் போயிற்று. இளைய மகன் தாமஸ், பின்னாளில் குடியரசுத் தலைவரின் தந்தை, நிலமற்றுக் கூலிக்கு அலையும் சிறுவனாக வளர்ந்தார். அந்தச் சாவு சில மாதங்கள் பின்னால் நிகழ்ந்திருந்தால் பங்கு பிரிந்திருக்கும்.

இந்த இடத்தில் செயலாளர் என்ற முறையில் ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நாம் படித்த ஏடுகள் அனைத்தும் வாரண்டிலிருந்தும் அளவைச் சங்கிலியிலிருந்தும் தொடங்குகின்றன. அதற்கு முன்பு இக்காடுகளில் வேட்டையாடி வந்த ஷானி மக்களுக்கும் செரோக்கி மக்களுக்கும் அவற்றில் ஒரு பக்கமும் இல்லை. ஆளில்லாத நிலம் என்று ஏடு சொல்வதை நாமும் அப்படியே நகலெடுத்துவிடக் கூடாது என்று விவாதித்து, நம் குறிப்பேட்டின் முன்னுரையில் இதை எழுதிச் சேர்த்துள்ளோம்.

இவ்வாண்டின் மிகச் சிறந்த கூட்டம் சொத்துப் பட்டியலைப் படித்த கூட்டம்தான். கணவரை இழந்த பத்சேபா பிள்ளைகளுடன் லாங் ரன்னை விட்டுத் தெற்கே பெயர்ந்துவிட்டதால், நிலம் ஜெஃபர்சனில் இருக்க, சொத்துப் பட்டியல் நெல்சன் கவுண்டி நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கிறது. 1789 மார்ச்சில் பதிவான அதன் மொத்த மதிப்பு 68 பவுண்டு, 16 ஷில்லிங், 6 பென்ஸ். இரண்டு குதிரைகள், கன்றுடன் மூன்று பசுக்கள், ஒரு கலப்பை, மூன்று களைக்கொட்டுகள், நார் நூற்கும் இராட்டை, ஒரு டஜன் வெள்ளீயத் தட்டுகள், மூடியுடன் ஓர் இரும்புச் சட்டி, மரத்தில் துளையிடும் தமர் மூன்று அளவில், தோல் பதனிடும் கத்திகள், இரண்டு ரைஃபிள்கள், ஒரு பழைய துப்பாக்கி, அடுப்பின் மேல் பானையைத் தொங்கவிடும் கொக்கிகள், ஒரு மெழுகுவத்தித் தண்டு எனப் பட்டியல் நீள்கிறது. தோல் பதனிடும் கத்திகள் இருப்பதால், அவர் உழவு மட்டும் செய்தவர் அல்லர் என்று தெரிகிறது.

நம்மை வியக்க வைத்தது படுக்கை. இறகுப் படுக்கை ஒன்றின் மதிப்பு 8 பவுண்டு 5 ஷில்லிங். செந்நிறக் குதிரையின் மதிப்போ 8 பவுண்டுதான். இரண்டு ரைஃபிள்களையும் சேர்த்தாலும் அந்தப் படுக்கைக்கு ஈடாகவில்லை. படுக்கையோடு சேர்த்து எழுதியிருந்த ‘பர்னிச்சர்’ என்ற சொல்லை மேசை, நாற்காலி என்று முதலில் பொருள் கொண்டோம். அக்கால வழக்கில் அது விரிப்பையும் போர்வையையும் குறிக்கும் என்று பிறகு அறிந்து திருத்தினோம். மேசை, நாற்காலி அப்பட்டியலில் இல்லவே இல்லை. வீட்டிலேயே வெட்டிச் செய்துகொண்டதற்கு மதிப்பீட்டாளர்கள் விலை போடாமல் விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அடுத்து தாமஸ். அவர் 1803இல் ஹார்டின் கவுண்டியில் மில் க்ரீக் கரையில் 238 ஏக்கரை 118 பவுண்டுக்கு வாங்கிய கிரயப் பதிவு உள்ளது. நாடோடி, சோம்பேறி என்று பிற்காலத்தில் அவரைப் பற்றிப் பரவிய பேச்சுக்கு இருபத்தைந்து வயதில் நிலம் வாங்கிய இந்தப் பதிவே நேரடி மறுப்பு. அதே கவுண்டியின் ஏட்டில் 1805இல் அவர் ரோந்துக்காரர்களில் ஒருவராக நியமிக்கப்பட்டதும் இருக்கிறது. அடிமைப்படுத்தப்பட்டவர்கள் அனுமதிச் சீட்டின்றி நடமாடுகிறார்களா என்று கண்காணிப்பதே அந்தப் பணி. இதைக் குறிப்பேட்டில் சேர்ப்பதா என்று சிலர் தயங்கினர். சேர்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்தாக இருந்தது, கூட்டமும் அதை ஏற்றது. மகனின் பெருமைக்காகத் தந்தையின் ஏட்டிலிருந்து ஒரு வரியை விலக்கினால் நாம் ஆய்வுச் சங்கம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

முன்னர் சொன்ன குழப்பத்துக்கு வருகிறேன். தாமஸும் நான்சி ஹேங்க்ஸும் வாழ்ந்தது ஹார்டின் கவுண்டியில் என்பதால், அவர்களுடைய திருமணப் பதிவை எல்லோரும் அங்கேயே தேடினர். 1860இல் அக்கவுண்டியின் எழுத்தராகப் பணியாற்றியிருந்த சாமுவேல் ஹேகிராஃப்ட், தாமஸுக்கும் சாரா ஜான்ஸ்டனுக்கும் 1819இல் நடந்த திருமணத்தைக் கண்டு, சாராவையே லிங்கனின் தாய் என எண்ணிவிட்டார்; அவர் தந்தையின் இரண்டாம் மனைவி, தன் தாய் நான்சி ஹேங்க்ஸ் என்று லிங்கனே திருத்தி எழுத வேண்டியிருந்தது. பெற்றோருக்கு முறையாகத் திருமணம் ஆகவில்லை என்ற அவதூறும் அவரைச் சூழ்ந்திருந்தது. ஆனால் மணமகள் நான்சியின் உறவினர்கள் இருந்தது பக்கத்து வாஷிங்டன் கவுண்டியில். அதன் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில், 1806 ஜூன் 10 அன்று தாமஸும், மணமகள் தரப்பில் ரிச்சர்ட் பெரியும் கையெழுத்திட்ட திருமண ஜாமீன் பத்திரமும், ஜூன் 12 அன்று மணம் முடித்துவைத்ததாகப் போதகர் ஜெஸ்ஸி ஹெட் அனுப்பிய பட்டியலும் பத்திரமாக இருந்தன. எழுத்தர் புக்கர் அவற்றைக் கண்டெடுத்தது 1878இல், லிங்கன் கொல்லப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. தாயின் மானத்தைக் காக்கும் தாள் ஒரு கவுண்டி தள்ளி இருந்தும், மகன் அதைக் காணாமலே போய்விட்டார். இதைப் படித்த நாள்தொட்டு, மணமகள் வீட்டுக் கவுண்டியிலும் தேடாமல் எந்தத் திருமணத்தையும் ‘பதிவு இல்லை’ என்று குறிக்கக் கூடாது என்பதை நம் சங்கத்தின் விதியாக்கியுள்ளோம்.

மரங்களை எல்லையாக வைத்து அளந்ததன் விளைவை தாமஸ் மூன்று முறை அனுபவித்தார். கென்டக்கியில் ஒரே நிலத்தின் மேல் ஒருவர் உரிமைமேல் மற்றவர் உரிமை ஓடு வேய்ந்ததுபோல் ஏறிக் கிடந்தது. மில் க்ரீக், 1808இல் வாங்கிய நோலின் நிலம், நாப் க்ரீக் ஆகிய மூன்றிலும் வில்லங்கம் வந்தது. நாப் க்ரீக்கிலிருந்து அவரை வெளியேற்றக் கோரி, பத்தாயிரம் ஏக்கருக்கு உரிமை கொண்டாடிய மிடில்டன் வாரிசுகள் தொடுத்த வழக்கில் 1818இல் அவர் வென்றார். அதற்குள் குடும்பம் 1816 இறுதியிலேயே இண்டியானாவுக்குப் போய்விட்டது. அடிமை முறையும் ஒரு காரணம், முதன்மையான காரணம் நில உரிமைச் சிக்கல் என்று மகன் எழுதிவைத்தார். இண்டியானாவில் கூட்டரசே சதுரம் சதுரமாக அளந்து விற்றதால், 1817 அக்டோபரில் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் தாமஸ் பதிந்த 160 ஏக்கரை, சதுரத்தின் எண்ணைச் சொன்னாலே இன்றும் வரைபடத்தில் சுட்டிக்காட்டலாம். அவற்றில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 80 ஏக்கருக்கு முழுத்தொகையும் கட்டி முடிக்க 1827 வரை ஆயிற்று.

சங்க நிகழ்வுகளில், லாங் ரன் கல்லறைத் தோட்டத்துக்கும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் சென்று வந்த இரு பயணங்களைக் குறிப்பிட வேண்டும். தாத்தா புதைக்கப்பட்டது லாங் ரன்னில்தான் என்பது ஊர் வழக்கு. ஸ்பிரிங்ஃபீல்டு நீதிமன்றக் கட்டடம் 1816இல் கட்டப்பட்டு இன்றும் பயன்பாட்டில் உள்ளது. ஓர் ஆவணக் காப்பகத்திலிருந்து கட்டணம் செலுத்திப் பெற்ற நகலில் தாள்களின் பின்பக்கங்கள் விடுபட்டிருந்தன; பதிவு நாளும் எழுத்தரின் குறிப்பும் பின்பக்கத்தில்தான் இருக்கும் என்பதால் அப்பணி மூன்று மாதம் தடைப்பட்டது. இனி நகல் கோரும் விண்ணப்பத்தில் இருபக்கமும் வேண்டும் என்று எழுதியே அனுப்புகிறோம்.

வரவு செலவை பொருளாளர் தனியே படிப்பார். வரும் ஆண்டில் ஹார்டின் கவுண்டியின் நீதிமன்ற ஆணை ஏடுகளில் தாமஸ் நடுவர் குழு (ஜூரி) உறுப்பினராகவும் சாலைக் கண்காணிப்பாளராகவும் வரும் இடங்களைப் படியெடுக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பழைய கையெழுத்தைப் படிக்கக்கூடியவர் இப்போது நால்வரே இருக்கிறோம். இன்னும் இருவர் முன்வந்தால் பணி ஓராண்டுக்குள் முடியும். விருப்பமுள்ளோர் இக்கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்குமாறு வேண்டி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்