பிந்தித்தான் சொல்கிறேன், நன்றி

நடந்தது என்னவென்று உங்களில் அநேகம் பேருக்குத் தெரியும். லண்டனில் மிச்சம் (Mitcham) பக்கம் ஒரு வீட்டில் தும்மினால் பக்கத்து டூட்டிங்கில் இருந்து சுகம் கேட்டு அழைப்பு வரும், அதனால் திரும்ப ஒருமுறை அதையெல்லாம் எழுத மாட்டேன், எழுதவும் ஏலாது. என் கணவர் போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி குடிக்கிறார், பிடித்துக்கொண்டு படி ஏறுகிறார், நேற்று உப்புக் காணாது என்று என்னைப் பேசவும் தொடங்கிவிட்டார். மூன்று மாதமாக அந்தப் பேச்சுக்காகத்தான் காத்திருந்தேன் போல, குசினிக்குள் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டு உப்பை எடுத்துக்கொண்டு வந்தேன்.

சோறு கறி கொண்டு வந்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்கினவர்கள், ஆஸ்பத்திரி கார் தரிப்பிடத்துக்கு எனக்குத் தெரியாமல் காசு கட்டினவர்கள், கோயிலில் அர்ச்சனை செய்வித்தவர்கள், நேரம் பார்க்காமல் கனடாவில் இருந்து அழைத்து என்னோடு சேர்ந்து சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்த சின்னம்மா, எல்லாருக்கும் நன்றி. தனித்தனியாகச் சொல்லத் தொடங்கினால் யாரையாவது விட்டுவிடுவேன், பிறகு அது ஒரு கதையாகும். என் குசினியில் இப்போது பதினேழு டப்பா இருக்கிறது. எது யாருடையது என்று தெரியாது, மூடி பொருந்துகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நன்றி சொல்ல உட்கார்ந்துவிட்டு வேறொரு மனிதரைப் பற்றி எழுதப் போகிறேன், கோபிக்காதீர்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, என் மகள்தான் வாசித்து இங்கிலீசில் சொல்ல வேண்டும்.

நான் குளிர்காலத்தில் சேற்றுக்குள் ஓடுகிறேன் என்பது உங்களில் சிலருக்கு ஒரு பகிடி, தெரியும். ஊரில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல் மரதன் ஓடுவோமே, அதுபோலத்தான், என்ன தார் ரோட்டுக்குப் பதிலாகப் புல், பள்ளம், மேடு, முழங்கால் வரைக்கும் சேறு. கிராஸ் கன்ட்ரி. சர்ரே லீக்கில் ஒக்டோபரில் தொடங்கி பெப்ரவரி வரைக்கும் நாலு சனிக்கிழமை. எங்கள் கிளப் ஒன்றும் பெரிய கிளப் இல்லை, நானும் பெரிய ஓட்டக்காரி இல்லை. ஆனால் இந்த விளையாட்டில் ஒரு வசதி இருக்கிறது. பெண்களில் கிளப்பின் முதல் ஐந்து பேர் வந்த இடங்களைக் கூட்டித்தான் அணிக்குப் புள்ளி, கூட்டுத்தொகை குறைந்தால் நல்லது. அப்போது இருநூறாவதாக வருகிறவளும் கணக்கில் வருவாள், ஐந்தாவது ஆள் அவள்தான் என்றால். பள்ளிக்கூடத்தில் என்னை ஒருநாளும் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

அந்த மனிதருக்கு எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் போய்விட்டதால் இப்போது ஓடுவதில்லை. கிளப்பின் கொட்டகையை அடிப்பது, நம்பர் குத்த ஊசி கொடுப்பது, எங்கள் ஜாக்கெட்டுகளைச் சுமந்துகொண்டு நிற்பது எல்லாம் அவர்தான். சின்னப் பிள்ளைகள் வரைக்கும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு மட்டும் வாய் வராது. அப்பாவின் வயது, எப்படிப் பெயர் சொல்வது? மூன்று வருடமாக ஹலோ என்று மட்டும் சொல்லிச் சமாளிக்கிறேன். முதல் வருடம் நான் ஒரு போட்டியில் கொடியைக் கவனிக்காமல் பிழையான பக்கம் திரும்பி, வெட்கத்தில் கொட்டகைக்குப் பின்னால் நின்றபோது அவர்தான் வந்து சொன்னார், 1876இல் எப்பிங் காட்டில் இங்கிலாந்தின் முதலாவது தேசியப் போட்டியை வைத்தபோது ஓடினவர்கள் அத்தனை பேரும் வழி தவறிப் போய், போட்டியே செல்லாது என்று விட்டார்களாம். நீ தனியாகத்தானே தவறினாய் என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் விம்பிள்டன் கொமனில் ஓடி முடித்து ஸ்பைக்ஸை, அதுதான் அடியில் ஆணி பூட்டின ஓட்டச் சப்பாத்தை, கழற்றிக் கொட்டகைக்குள் போட்டுவிட்டு ஒரு துண்டு கேக்கைக் கையில் எடுத்தபோதுதான் அந்த அழைப்பு வந்தது. கிளப்பில் ஒரு பிள்ளை ஒன்றும் கேட்காமல் என்னைத் தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினாள். சேறு ஊறின மேசோடு அவசரப் பிரிவுக்குள் நடந்தேன். ஸ்பைக்ஸை நான் அதற்குப் பிறகு ஒருதரம்கூட நினைக்கவில்லை.

ஜனவரிப் போட்டிக்குப் போகவில்லை. பெப்ரவரியில் தம்பி வந்து, நீ போய் ஓடிவிட்டு வா அக்கா, உன்னைப் பார்க்கவே பயமாக இருக்கிறது, நான் அத்தானோடு இருக்கிறேன் என்று கலைத்துவிட்டான். குரொய்டனில் லொயிட் பார்க். ரோட்டில் ஓடுகிற சப்பாத்தோடு போய் இறங்கினேன், அதைப் போட்டுக்கொண்டு அந்த ஏற்றத்தில் நாலடிகூட வைக்க ஏலாது என்று தெரிந்தும்.

அந்த மனிதர் தன் காரின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு துணிப்பையை எடுத்துத் தந்தார். என் ஸ்பைக்ஸ். கழுவி, உலர்த்தி, லேஸைக்கூடத் தனியாகத் தோய்த்து. கீழே பழைய துருப்பிடித்த ஆணிகள் பன்னிரண்டையும் கழற்றி, ஓட்டைகளுக்கு ஏதோ கிரீஸ் தடவி, 15 மி.மீ. ஆணி பூட்டியிருந்தது. மழை விடாமல் பெய்த வாரம் அது. நானாக இருந்தால் 9 மி.மீ. ஆணியோடேயே போய் விழுந்திருப்பேன்.

உள்ளே ஈரம் இழுக்கப் பத்திரிகை அடைத்திருந்தது. இழுத்துப் பார்த்தேன், அந்தக் கிழமையின் பத்திரிகை. இடது சப்பாத்தின் விரல் பக்கத்தில் ஒரு சின்ன உருண்டை மட்டும் சிக்கிக்கொண்டு வரவில்லை, விரலை விட்டு நோண்டி எடுத்தால் டிசம்பர் மாதத்துத் திகதி. அப்படியென்றால் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். ஜனவரியிலும் அந்தப் பையைக் கொண்டு வந்தார், நீ வந்தாலும் வருவாய் என்று, என்று பக்கத்தில் நின்றவள் சொன்னாள்.

என் கணவரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவர் தவறாமல் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த காலம், நீங்கள் கேட்டதில் பிழையே இல்லை, ஆனால் பதில் சொல்லிச் சொல்லி என் வாய் மரத்துப் போயிருந்தது. அந்த மனிதர் சொன்னது இவ்வளவுதான்: சேற்றோடு காய விடுகிறாய், அதுதான் ஆணி இறுகுகிறது, கழற்ற எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. ஏச்சுத்தான். நான் சிரித்துவிட்டேன், நவம்பருக்குப் பிறகு முதல்தரம்.

அன்றைக்கு எங்கள் கிளப்பில் பெண்கள் ஐந்தே பேர். ஐந்தாவது ஆள் நான்! கூட்டத்தின் வாலில், எனக்குப் பின்னால் ஒரு கைவிரலுக்குக் காணும் ஆட்கள்தான், என்றாலும் கடைசி ஏற்றத்தில் ஒருதரமும் வழுக்கவில்லை. அவர் கொட்டகைக்குள் நின்று ஏதோ கத்தினார், காற்றில் கேட்கவில்லை. பேசாமல் என் ஜாக்கெட்டை நீட்டினார்.

அடுத்த பருவம் நாலு போட்டியும் ஓடுவேன், இவர் பிளாஸ்கில் கோப்பியோடு வந்து நிற்பார் என்று இவரையும் கேட்காமல் முடிவு செய்திருக்கிறேன். முதல் போட்டிக்கு மட்டன் றோல்ஸ் கொண்டு போவேன், அவர்களின் கேக் எவ்வளவு நல்ல கேக் என்றாலும் சேற்றில் ஓடினவர்களுக்கு அது சாப்பாடே இல்லை.

ஆணி கழற்றுகிற அந்தச் சின்னச் சாவியை, இனி நீயே பழகு என்று அன்றைக்கு அந்த மனிதர் என் கையில் தந்தார். இன்னும் என் மேசை லாச்சிக்குள்தான் கிடக்கிறது. ஒக்டோபரில் திருப்பித் தருவேன், அதற்கிடையில் அவரை என்னவென்று கூப்பிடுவது என்று யோசித்து வைக்க வேண்டும்.