மதுரைக் கால்பந்தில் விடுபட்டுப்போன பட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் இதே பகுதியில் வந்த ஒரு கடிதத்தில், மதுரைக்கு ஜல்லிக்கட்டு உண்டு, கபடி உண்டு, கிரிக்கெட்டில் கூட ஒரு கோப்பை உண்டு, கால்பந்தில்தான் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை என்று அன்பர் ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதே பேச்சை ஆசிரியர் அறையில் பல தடவை கேட்டிருக்கிறேன். பேச்சு என்றால் காற்றோடு போகும். அச்சில் வந்ததை நாளைக்கு ஒரு பிள்ளை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

சேது எஃப்.சி. என்று ஒரு பெண்கள் கால்பந்து கிளப் இருக்கிறது. அதன் ஊர் மதுரை. 2019 மே 14 அன்று லூதியானா குருநானக் மைதானத்தில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று, நாட்டின் சாம்பியன் ஆனது.

மணிப்பூர் அணியை ஜெயிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று இந்த ஆட்டத்தோடு பழகியவர்களுக்குத் தெரியும். மாநில அணிகள் மோதும் தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பை இருபது தடவைக்கு மேல் எடுத்துக்கொண்டு போன மாநிலம் அது. மகளிர் லீக் தொடங்கிய 2016-17 பருவத்தில் முதல் பட்டமும் இம்பாலின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியனுக்குத்தான் போனது. அடுத்த வருடம் ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ் கிளப். மூன்றாவது சேது. தென்னிந்தியாவுக்கு இந்தப் பட்டத்தை முதலில் கொண்டுவந்தது மதுரை அணிதான். இப்போது எல்லோரும் கொண்டாடும் கேரளத்தின் கோகுலம் அணி அதற்குப் பிறகுதான் வந்தது.

அந்த வாரம் நம் ஊர் எந்த நிலையில் இருந்தது என்பதும் நினைவிருக்கிறது. மே 12 அன்று ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஒரே ஒரு ரன்னில் மும்பையிடம் தோற்றது. டீக்கடை, பஸ், ரேஷன் கடை வரிசை, எங்கே போனாலும் அதே புலம்பல். ரெண்டு நாள் கழித்துச் சொந்த ஊர் அணி அகில இந்தியப் பட்டம் வாங்கியது, எங்கள் திருநகரில் ஒருத்தர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை. 2018இல் டி.என்.பி.எல். கிரிக்கெட் கோப்பையை மதுரை பாந்தர்ஸ் வென்றது மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது. அது மாநிலப் போட்டி. தெரிந்திருப்பது நல்லதுதான், நானும் அன்றைக்குக் கை தட்டினேன்.

அது மணிப்பூர்ப் பிள்ளைகளும் நேபாளப் பிள்ளைகளும் ஆடிய அணிதானே, இதில் மதுரை எங்கே வந்தது என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். தோனி எந்த ஊர் சார் என்று திருப்பிக் கேட்டேன். மணிப்பூரின் ரத்தன்பாலா தேவியும் நேபாளத்தின் சபித்ரா பண்டாரியும் அந்த அணியில் இருந்தது உண்மை. கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இருந்ததும் உண்மை. பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த், அவரும் ஒரு பெண். மதுரைப் பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் அந்த ஜெர்சியைப் போட வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அதற்கு முதலில் அப்படி ஒரு ஜெர்சி இருப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

இன்னொன்றையும் ஒத்துப்பார்க்கச் சொல்கிறேன். அதே 2019 மார்ச் 9இல், ஆண்களுக்கான ஐ-லீக் பட்டத்தைச் சென்னை சிட்டி எஃப்.சி. வென்றது. அதுவும் 3-1தான். ரெண்டு மாத இடைவெளியில் ஆண்கள் பட்டம் ஒன்று, பெண்கள் பட்டம் ஒன்று, இரண்டும் தமிழ்நாட்டுக்கு. சென்னை சிட்டி பெயரில்தான் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். கோவைக்காரர்கள் கேலரியில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தார்கள். சேதுவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மகளிர் லீக்கை அப்போதெல்லாம் ஒரே ஊரில் வைத்து நடத்தி முடித்துவிடுவார்கள். ஷில்லாங், லூதியானா, பெங்களூரு, புவனேஸ்வர், அகமதாபாத் என்று வருடத்துக்கு ஓர் ஊர். மதுரை அணி ரயிலேறிப் போகும், ஆடும், திரும்பும். ஆட்டத்தைப் பார்க்காத ஊருக்கு அணி மேல் பாசம் எப்படி வரும்?

2020இல் பட்டத்தைத் தக்கவைக்க முடியவில்லை, அரையிறுதியில் கோகுலத்திடம் தோற்றார்கள். முந்தைய வருடம் நமக்கு ஆடிய சபித்ரா அப்போது அந்தப் பக்கம்.

2022தான் என் மனசில் ஆறாமல் இருக்கிறது. புவனேஸ்வரில் பன்னிரண்டு அணிகள், ஆளுக்குப் பதினோரு ஆட்டம். முதல் பத்து ஆட்டத்திலும் சேதுவுக்கு வெற்றி. கோகுலத்துக்கும் பத்துக்குப் பத்து. இரண்டுக்கும் 30 புள்ளிகள். மே 26 அன்று கடைசி ஆட்டத்தில் அந்த இரண்டு அணிகளே நேருக்கு நேர். கோல் கணக்கில் முன்னால் இருந்ததால் கோகுலத்துக்கு டிரா போதும், சேது ஜெயித்தே ஆக வேண்டும். அண்டை வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேரைக் கூட்டிவைத்து ஃபோனில் பார்த்தோம். ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே சேது கோல் போட்டுவிட்டது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டு அம்மா மேலே ஏறி வந்துவிட்டார். அப்புறம் இடைவேளைக்குள் கோகுலம் மூன்று கோல். முதலாவது பெனால்டி, ஆஷாலதா அடித்தது. முடிவு 3-1. பதினோரு ஆட்டத்தில் ஒன்றே ஒன்றில் தோற்று இரண்டாம் இடம். வேறு எந்த வருடமாக இருந்தாலும் அந்தக் கணக்குக்குக் கோப்பை கிடைத்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

இங்கே ஆடியவர்களும் பயிற்சி கொடுத்தவர்களும் பிறகு எங்கே போனார்கள் என்று பார்த்தால்தான் இந்தக் கிளப்பின் மதிப்பு தெரியும். 2023-24 பட்டத்தை ஒடிசா எஃப்.சி. வென்றபோது பயிற்சியாளர் கிறிஸ்பின் செத்ரி, நடுக்களத்தில் இந்துமதி. இரண்டு பேரும் சேதுவில் இருந்தவர்கள். 2024-25இல் ஈஸ்ட் பெங்கால் வென்றபோது அந்த அணியில் சந்தியா. அதே செத்ரி பயிற்சியில்தான் 2025 ஜூலை 5 அன்று இந்தியப் பெண்கள் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என வீழ்த்தி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தமிழ்நாடு அணியும் சும்மா இருக்கவில்லை. 2018இல் மணிப்பூரையும் 2023இல் ஹரியானாவையும் இறுதி ஆட்டத்தில் 2-1 என்றே வென்று தேசிய சாம்பியன் ஆனது. இதில் எத்தனை செய்தி மதுரைப் பதிப்பின் விளையாட்டுப் பக்கத்தில் வந்தது என்று உங்கள் பழைய இதழ்களைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

என் வேலைக்காலத்தில் ஒரு பிள்ளையை ஃபுட்பாலுக்கு அனுப்பச் சொல்லி வீட்டுக்குப் போனால், அப்பாமார் முதலில் கேட்பது, "இதுல பொம்பளப் பிள்ளைக்கு என்ன டீச்சர் இருக்கு?" என்பதுதான். காலில் அடிபடும், வெயிலில் கறுத்துப்போகும், அரை டிராயர் போட வேண்டும் என்பதெல்லாம் அதற்கப்புறம் வரும். டிராயருக்கு உள்ளே லெக்கிங்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிவிடலாம். முதல் கேள்விக்கு என் வாய்ச்சொல் போதாது, கையில் காட்ட ஒரு பேப்பர் வேண்டியிருந்தது. இந்துமதி போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர் என்று சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். அவர் மதுரை அணிக்காக ஆடிச் சாம்பியன் ஆனவர் என்று படத்தோடு காட்ட முடிந்திருந்தால் இன்னும் சில பிள்ளைகள் கிரவுண்டுக்கு வந்திருப்பார்கள்.

ஆகவே ஐயா, இரண்டு காரியம் செய்யுங்கள். சேது ஆடும் ஆட்டங்களின் முடிவை, தோற்றாலும் சரி, ரெண்டு வரியாவது போடுங்கள். கூடவே, 2023-24இலும் 2024-25இலும் மகளிர் லீக் உள்ளூர், வெளியூர் முறையில் நடந்தது அல்லவா, ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். ஸ்டேடியத்தில் சேதுவின் ஆட்டம் ஒன்றையாவது வைக்க என்ன தடை என்று உங்கள் நிருபரை விட்டு விசாரித்து எழுதச் சொல்லுங்கள். புல்தரையா, மின்விளக்கா, பணமா, எதுவானாலும் தெரிந்தால் நாங்களும் கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம். ஆட்டம் வந்தால் டிக்கெட் வாங்கிக்கொண்டே வருகிறோம், ஓசி பாஸ் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
திருநகர், மதுரை.