பரணில் கிடக்கும் வேதாகமம்

ஐயா,

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் சர்ச் பதிவேடுகளுக்காக அலைகிறார்கள். அதற்குமுன் வீட்டுப் பரணில் ஏறிப் பார்க்கலாம். பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணம் எல்லாம் வேதாகமத்தின் வெற்றுத் தாள்களில்தான் எழுதப்பட்டன.

எங்கள் வீட்டுப் பிரதியில் முதல் குறிப்பு 1871ஆம் ஆண்டுப் பிறப்பு. ஆனால் புத்தகம் அச்சானதோ 1903இல்! முதல் ஒன்பது குறிப்புகளும் ஒரே மை, ஒரே கையெழுத்து. யாரோ ஒருவர் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார். நினைவிலிருந்து எழுதினாரா, பழைய தாளைப் பார்த்தா என்பது அவருக்கே வெளிச்சம். அதன்பின் மை மாறுகிறது, கை மாறுகிறது. அவை அவ்வப்போது எழுதப்பட்டவையாக இருக்கும் என்பதால், அந்த வரிகளை நான் கூடுதலாக நம்புகிறேன். மூன்று மாதமே வாழ்ந்த ஒரு பெண் குழந்தை அங்கே இருக்கிறாள். அவளைப் பற்றி வீட்டில் எவரும் பேசிக் கேட்டதில்லை.

அமெரிக்க விடுதலைப் போர் வீரர்களின் விதவைகள் பலர், ஓய்வூதியத்துக்குத் திருமணச் சான்றாக இத்தகைய பக்கங்களைக் கிழித்தே அரசுக்கு அனுப்பினார்கள். அவை வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. நாம் கிழிக்க வேண்டாம், படம் எடுத்தால் போதும். ஆனால் அச்சு ஆண்டு உள்ள தலைப்புப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதி என்று குறித்துக்கொள்ளவும் வேண்டாம். நானே அப்படி ஏமாந்தவன்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை