கேபிள் டை வேண்டாம்: சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா) பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பட்டறை முதலாளிமாருக்கும் உதிரிபாகக் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

சிம்பாங் பூலாய் ஏற்றத்தில் சென்ற வாரம் நின்றுபோன வோக்ஸ்வாகன் கோம்பி வேனைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இழுவை லாரி அதை நம் ஊருக்குள்தான் கொண்டுவந்தது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டிய 1974 ஆம் ஆண்டு வண்டி. பின்சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்டின் ஜாயிண்டுக்குப் புதிய பூட் கவர், அதாவது கிரீஸை உள்ளே அடைத்துவைக்கும் ரப்பர் உறை, போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. குனிந்து பார்த்தவர்கள் கண்ணில் பட்டது அறுந்து தொங்கிய கேபிள் டை (வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டை), காலியான கவர், அடித்தட்டில் வட்டமாகத் தெறித்திருந்த கிரீஸ்.

எந்தப் பட்டறை என்று எழுதப் போவதில்லை. இது ஒரே பட்டறையின் பழக்கமும் இல்லை. எங்கள் வேண்டுகோள் இதுதான்: சுழலும் ஷாஃப்டில் பூட் கவரைக் கேபிள் டையால் கட்டாதீர்கள். உரிய உலோகக் கிளிப்பைப் போடுங்கள்.

ஷாஃப்ட் சுற்றும்போது உள்ளே இருக்கும் கிரீஸ் கவரை வெளியே தள்ளுகிறது. கவரும் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து விரிகிறது. உள்பக்க ஜாயிண்ட் எஞ்சின் சூட்டுக்கும் எக்ஸாஸ்ட் சூட்டுக்கும் அருகிலேயே இருக்கிறது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் இளகும். டையின் தலைப்பகுதி ஷாஃப்டில் ஒட்டாமல் சிறு இடைவெளி விடும். கிரீஸ் கசிய அதுவே போதும். கசிந்த கிரீஸில் கவரின் வாய் வழுக்கி நகர்ந்துவிடும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஸ்க்ரூ கிளிப்பும் சரிவராது. அதன் தலை துருத்திக்கொண்டு நிற்கும், அதிகம் முறுக்கினால் ரப்பரை அறுக்கும்.

கவர் திறந்தபின் நடப்பதுதான் பெரிய கொடுமை. நம் தோட்டத்துச் செம்மண் சாலையின் தூசி கிரீஸில் கலந்தால் அது அரைக்கும் பசையாகிவிடும். ஜாயிண்டுக்குள் இருக்கும் ஆறு குண்டுகளும் அவை ஓடும் பள்ளங்களும் அதில் தேய்ந்து குழி விழும். வண்டி புறப்படும்போது 'டக் டக்' என்று கேட்கத் தொடங்கினால் கவர் மாற்றிப் பயனில்லை, ஜாயிண்டே போய்விட்டது என்று பொருள். உள்ளூர் காரான புரோட்டோன் சாகாவின் ஜாயிண்ட் என்றால் நாளைக்கே வாங்கிவிடலாம். 50 வயது வேனின் அசல் ஜாயிண்டுக்கு ஈடானது கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பல பத்தாண்டுகள் உழைத்த இரும்பு, ஒரு கிளிப் போடாத காரணத்தால் குப்பைக்குப் போகிறது. இதைப் பொறுத்துக்கொள்ள எங்களால் முடியவில்லை.

கடைக்காரர்களிடம் ஒரு வார்த்தை. வோக்ஸ்வாகன் என்று கேட்டவுடன், நடுவே பிளந்து ஸ்க்ரூ போட்டு மூடும் கவரை எடுத்துத் தராதீர்கள். அது, ஷாஃப்டும் அதை மூடிய குழலும் சக்கரத்தோடு ஏறி இறங்கும் பழைய ஸ்விங் ஆக்சில் வண்டிக்கு உரியது. அங்கே கவர் சுழல்வதில்லை; சக்கரம் ஏறி இறங்கும்போது மடங்கும், அவ்வளவுதான். 1968 மாடல் முதல் வந்த கோம்பியில் ஷாஃப்டுக்கு இரண்டு என நான்கு ஜாயிண்டுகள் உண்டு, நான்கு கவரும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். பிளந்த கவரின் இணைப்பு அதைத் தாங்காது. இன்னொன்று: பால் மரம் வெட்டிப் பிழைத்த ஊர் இது. இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும் என்பது இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். கிரீஸைத் தாங்கும் செயற்கை ரப்பர் கவரா என்று உறுதிசெய்து விற்க வேண்டும்.

ஷாஃப்டைக் கழற்ற நேரமாகிறது என்கிறீர்கள். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு போல்ட். அவற்றின் தலைக்குழியில் இறுகிய மண்ணை ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, பன்னிரண்டு முனைச் சாவியை அடிவரை தட்டி இறக்கினால் சுலபமாகக் கழலும். ஆறுமுனை அலன் சாவியை நுழைப்பதால்தான் தலை வழுக்கி, பிறகு உளியைத் தேட வேண்டி வருகிறது. ஜாயிண்டை மண்ணெண்ணெயில் கழுவினால் முழுக்கக் காய விடுங்கள். மிச்சம் இருந்தால் புது கிரீஸ் நீர்த்துவிடும். முதலில் கவர், பிறகு குழிந்த வாஷர், ஜாயிண்ட், கடைசியில் சர்க்கிளிப் (பூட்டு வளையம்) என்ற வரிசை மாறக் கூடாது. ஜாயிண்டுக்குச் சுமார் 90 கிராம் மாலிப்டினம் கிரீஸ் வேண்டும். ஒரு பாக்கெட்டை இரண்டு ஜாயிண்டுக்குப் பங்கு போடாதீர்கள், சக்கர பேரிங்கின் சாதாரண கிரீஸையும் கலக்காதீர்கள். கிளிப்பை இறுக்கும் முன் மெல்லிய ஸ்க்ரூடிரைவரைக் கவரின் வாய்க்கடியில் விட்டு, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். காது வைத்த கிளிப்பை அதற்கான இடுக்கியால் நெருக்க வேண்டும். சைட் கட்டரால் கடித்தால் காதில் பாதி வெட்டுப்பட்டுவிடும். போல்ட் இறங்கும் முகங்களில் கிரீஸ் இருக்கக் கூடாது. இரண்டிரண்டு போல்ட்டுக்கு ஒன்றாக வரும் சிறு தகட்டைத் தூக்கி எறியாமல் திரும்பப் போட்டு, 35 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

இதையெல்லாம் வேலை பழகும் பையன்களுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? 'இப்போதைக்குச் சமாளி' என்பதே அவர்கள் முதலில் கற்கும் பாடமாகிவிட்டது. பள்ளி வேனுக்கும் அதே டை, தோட்டத்து ஆட்களை ஏற்றும் வண்டிக்கும் அதே டை. பிள்ளைகள் உட்கார்ந்து போகும் வண்டிக்கு இப்படிச் செய்ய எப்படி மனம் வருகிறது?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள். உங்கள் கைத்திறனை நம்பித்தான் இந்த ஊரில் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. சரியாகச் செய்ய இன்னும் இரண்டு மணி நேரம் பிடித்தால் அதற்கான கூலியைக் கேளுங்கள், தருகிறோம். கடைக்காரர்கள் கவரோடு உலோகக் கிளிப்பையும் சேர்த்தே விற்க வேண்டுகிறோம். வண்டியை ஜாக்கிலிருந்து இறக்கும் முன், நான்கு கவரிலும் போட்ட கிளிப்பை உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அண்ணன்மாரே. கேபிள் டை மட்டும் வேண்டாம்.

பணிவுடன்,
சுங்கை சிப்புட் பழைய வேன் உரிமையாளர்கள் சிலர்